சுகர் ஃப்ரீ என்று நம்பி நான் தொலைத்த எட்டு மாதம்

போன வருடம் ஜனவரியில் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எனக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது ப்ரீ டயாபடீஸ். "பார்டர்தான், இப்ப எல்லாருக்கும் இருக்கு" என்று கூட வேலை செய்பவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. 2016இல் என் அம்மாவுக்குச் சர்க்கரையால் இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். மூன்று மாதம் தினமும் கட்டுப் பிரித்து மருந்து வைத்தது நான்தான். அந்தப் புண்ணின் வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 44. மாலை நாலு மணிக்கு ஒரு சாக்லேட், ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு இன்னொன்று. பதினைந்து வருடப் பழக்கம். பரிசோதனை முடிவு வந்த மறுநாளே காபிக்குச் சர்க்கரையை விட்டேன். ஜிலேபி, மைசூர்பாக்கெல்லாம் விட்டேன், கஷ்டமாகவே இல்லை. சாக்லேட்டை மட்டும் விட முடியவில்லை. நாலு நாள் விட்டுப் பார்த்தேன், ஐந்தாம் நாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளுடைய சாக்லேட்டைத் தின்றேன். மனசுக்கு ரொம்ப அசிங்கமாக இருந்தது. டாக்டர் என்னிடம் "ஸ்வீட்டைக் குறைங்க, தினம் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லியிருந்தார். சாக்லேட் பற்றி நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்கக் கூச்சம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பின்னால் வந்ததில் பாதி வந்திருக்காது. உங்களால் எதை விட முடியவில்லையோ அதை முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்காததால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இணையத்தில் சுகர் ஃப்ரீ சாக்லேட் ஒரு டஜன் வாங்கினேன், 2,640 ரூபாய். பொட்டலம் வந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாசனை, ருசி எல்லாம் பழைய சாக்லேட் போலவேதான். சர்க்கரை பூஜ்யம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பூஜ்யம் என்றால் எவ்வளவு தின்றாலும் பூஜ்யம்தானே என்று நினைத்தேன். ஒன்று தின்ற இடத்தில் இரண்டு தின்றேன்.

இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை, மதுரையில் கல்யாணத்துக்குப் போக அதிகாலை பஸ் ஏறினேன். பசிக்கு வழியில் இரண்டு கட்டி சாப்பிட்டேன். தாராபுரம் தாண்டியதும் வயிறு இரைய ஆரம்பித்தது. ஒட்டன்சத்திரம் வருவதற்குள் வியர்த்துக் கொட்டியது, உட்கார முடியவில்லை. கண்டக்டரிடம் கெஞ்சிப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் பாத்ரூம்" என்று கேட்க வேண்டியதாயிற்று. அந்த அக்கா எதுவும் கேட்காமல் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடியும்வரை நான் மண்டபத்தின் பின்கட்டிலேயே இருந்தேன். முந்தின நாள் சாப்பிட்ட ஏதோ சேரவில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். அதன் பிறகும் இரண்டு வாரம் அந்தச் சாக்லேட்டைத் தின்றேன். தினமும் வயிறு ஊதல், மந்தம். வயிற்று டாக்டருக்கும் சோதனைகளுக்கும் 1,350 ரூபாய் செலவு. கடைசியில் அவர்தான் "சுகர் ஃப்ரீ எதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அன்றுதான் முதல்முறையாகப் பாக்கெட்டைத் திருப்பினேன். சேர்மானப் பட்டியலில் முதலிலேயே மால்டிட்டால், ஐஎன்எஸ் 965 (உணவில் சேர்க்கும் பொருளுக்குத் தரும் எண்) என்று இருந்தது. கீழே, பொடி எழுத்தில், பாலியால் மலமிளக்கியாக வேலை செய்யலாம் என்று ஒரு வரி. பாலியால் என்பது சர்க்கரைக்குப் பதில் போடும் ஒருவகை இனிப்பு. மால்டிட்டால், சார்பிட்டால் (420), சைலிட்டால் (967) எல்லாம் இந்தக் குடும்பம். சிறுகுடல் இதை முழுக்க உறிஞ்சுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, அங்கிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்குகின்றன. ஒரு துண்டு தின்றால் பலருக்கு ஒன்றும் ஆகாது. வெறும் வயிற்றில் இரண்டு கட்டி தின்றால் என் கதிதான்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். சர்க்கரை பூஜ்யம் என்று போட்ட அதே சத்து அட்டவணையில், கார்போஹைட்ரேட் 100 கிராமுக்கு 52 கிராம் என்று இருந்தது. சந்தேகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரின் குளுக்கோமீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தேன், 108. மிச்சம் இருந்ததில் ஒரு கட்டி தின்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 149. மால்டிட்டால் சர்க்கரையைவிடக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றவே ஏற்றாது என்பது இல்லை. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி என்றால் இது அதில் பாதிக்குச் சற்று மேல். 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லை என்பது மட்டும்தான் கணக்கு. சர்க்கரை வரியைப் பார்ப்பவர்கள் அதற்கு மேலே இருக்கும் கார்போஹைட்ரேட் வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஐஎன்எஸ் 955 (சுக்ரலோஸ்), 960 (ஸ்டீவியா) இவை வேறு வகை, துளியூண்டு போட்டாலே இனிக்கும். ஆனால் சாக்லேட்டில் அதோடு கூடவே மால்டிட்டாலையும் சேர்த்திருப்பார்கள், அதனால் பட்டியலை முழுக்கப் படியுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. மாமனார் இன்சுலின் போடுகிறவர். அந்த மாதங்களில் ஒருநாள் ராத்திரி அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது, பேச்சு குழறியது. என் மகள் பயத்தில் ஓடிப்போய் ஃப்ரிட்ஜில் இருந்த என்னுடைய சுகர் ஃப்ரீ சாக்லேட்டை எடுத்து அவர் வாயில் வைத்தாள். நல்லவேளை என் கணவர் பார்த்துவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். லோ ஷுகருக்கு சுகர் ஃப்ரீ உதவவே உதவாது. சாதாரண சாக்லேட்கூடச் சரியில்லை, அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸ் பொடியோதான் கொடுக்க வேண்டும், கால் மணி கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால் இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, சுகர் ஃப்ரீ வேண்டாம், டார்க் சாக்லேட் நல்லதாமே என்று அடுத்து அந்தப் பக்கம் போனேன். மே மாதம் ஊட்டி போனபோது ஒரு கடையில் ஹோம்மேட் டார்க் என்று ஒரு கிலோ வாங்கினேன், 900 ரூபாய். நல்ல கறுப்பு, பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு துண்டை நாக்கில் வைத்தால் கரையவே இல்லை. மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையம் வெயிலில் கார் டிக்கியில் மூன்று மணி நேரம் கிடந்தும் உருகாத சாக்லேட் அது என்பது அப்போதுதான் உறைத்தது. கடைக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். "அது காம்பவுண்டுங்க மேடம், டார்க் காம்பவுண்ட். ஒரிஜினல்னா ரேட் டபுள் ஆகும்" என்று அவர் மறைக்காமல் சொன்னார். நான் வாங்கும்போதே கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

காம்பவுண்ட் என்றால் கோகோ வெண்ணெய்க்கு (கோகோ கொட்டையிலேயே இருக்கும் கொழுப்பு) பதில் வேறு தாவரக் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றியது. கோகோ பொடி போடுவதால் நிறம் வந்துவிடுகிறது. நம் நாட்டில் 2022இலிருந்து எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதனால் முன்பிருந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் அது முழுக்கச் சர்க்கரையும் கெட்டிக் கொழுப்பும்தான். நல்ல கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகும், நம் வாய்ச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. அதனால்தான் அசல் சாக்லேட் கையில் பிடித்தாலே விரலில் ஒட்டும், நாக்கில் வைத்ததும் இளகி ஓடும். பட்டியல் இல்லாத உதிரிச் சாக்லேட் வாங்கும்போது ஒரு துண்டு சாம்பிள் கேட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பட்டியல் இருந்தால் இன்னும் சுலபம். சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். முதல் பெயர் சர்க்கரையாக இருந்தால், மேலட்டையில் டார்க் என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் உள்ளே சர்க்கரைதான் அதிகம்.

அடுத்து பேரீச்சம்பழம், நாட்டுச் சர்க்கரை போட்ட சாக்லேட், 1,480 ரூபாய். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் உடம்புக்குள் போனால் சர்க்கரை வேலையைத்தான் செய்கின்றன. குளுக்கோமீட்டர் அதைத் தெளிவாகக் காட்டியது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பெரிய தவறு செய்தது கடைசியில்தான். 90 சதவீத டார்க் நாலு கட்டி வாங்கினேன், 1,800 ரூபாய். கோகோவில் இருக்கும் 'ஃப்ளேவனால்' என்ற தாவரச் சத்து இதயத்துக்கு நல்லது என்று எங்கே பார்த்தாலும் படித்தேன். அதை மருந்தாகவே நினைத்துவிட்டேன். பிடிக்கவில்லை, வாய் கசந்தது, இருந்தும் ராத்திரி அரைக் கட்டி, 50 கிராம், கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். நாக்கு கேட்ட இனிப்பு அதில் கிடைக்காததால் அதற்கு மேல் இரண்டு பிஸ்கட்டும் தின்றேன். 50 கிராமில் கிட்டத்தட்ட 300 கலோரி. கூடவே அரை டம்ளர் காபி அளவுக்குக் காஃபின். ராத்திரி இரண்டு மணிவரை தூக்கம் வராது, நெஞ்செரிச்சல் வேறு. அந்த எட்டு மாதத்தில் மொத்தம் இரண்டரைக் கிலோ ஏறினேன். செப்டம்பரில் திரும்ப எச்பிஏ1சி எடுத்தபோது 6.3. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலிலேயே அழுதேன். எட்டு மாதம், எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எண் மேலே போய்விட்டதே என்று தாங்கவில்லை.

அதன் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். ஃப்ளேவனால் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடந்தது, காஸ்மோஸ் என்று பெயர், 2022இல் முடிவு வந்தது. அவர்களுக்குக் கொடுத்தது சாக்லேட் அல்ல, தினம் 500 மில்லிகிராம் ஃப்ளேவனால் உள்ள மாத்திரை. அதிலேயே மொத்த மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை, இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் குறைவாக இருந்தார்கள். கடையில் விற்கும் சாக்லேட்டில் எவ்வளவு ஃப்ளேவனால் இருக்கிறது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. கொட்டையைப் புளிக்க வைப்பது, வறுப்பது, காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்துவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்துகொண்டே வரும். கோகோ பொடி ரொம்பக் கறுப்பாக இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். காரம் சேர்த்ததால்தான் அந்தக் கறுப்பு, ஃப்ளேவனாலும் அதில்தான் அதிகம் போகிறது. காரம் சேர்க்காத பொடி வெளிறிய பழுப்பாக, லேசான புளிப்போடு இருக்கும்.

இன்னொன்று படித்தபோது கை நடுங்கியது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. அவற்றில் 23இல், தினம் 28 கிராம் தின்றாலே கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயமோ காட்மியமோ இருந்தது. காட்மியத்தைக் கோகோ மரம் மண்ணிலிருந்து இழுக்கிறது, ஈயம் கொட்டையைக் காய வைக்கும்போது தூசியோடு ஒட்டுகிறது. கோகோ சதவீதம் கூடக் கூட இதுவும் பொதுவாகக் கூடும். கர்ப்பமாக இருந்த என் தங்கைக்கு அந்த 90 சதவீதக் கட்டியில் ஒன்றை "உடம்புக்கு நல்லதுடி, தினம் சாப்பிடு" என்று கொடுத்திருந்தேன். உடனே ஃபோன் போட்டேன். "அந்தக் கசப்பை யாருக்கா தின்னுவா, தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அடர்த்தியான டார்க்கைத் தினசரி கொடுக்காதீர்கள். மற்றவர்களும் ஒரே பிராண்டையே தினமும் தின்னாமல் மாற்றிக்கொள்வது நல்லது.

அக்டோபரில் அலுவலகத் தோழி ஒருத்தி ஆனைமலைப் பக்கம் இருக்கும் அவளுடைய சித்தப்பா தோப்புக்குக் கூட்டிப் போனாள். தென்னைக்கு ஊடே கோகோ போட்டிருந்தார்கள். மரத்தின் தண்டிலேயே மஞ்சளாகக் காய் தொங்குகிறது. அவர் ஒன்றை அரிவாளால் கீறிப் பிளந்து கொடுத்தார். உள்ளே சீத்தாப்பழம் மாதிரி வெள்ளைச் சதை, சப்பினால் இனிப்பும் புளிப்பும். கொட்டையைக் கடித்தேன், ஊதா நிறத்தில், கடுக்காய் போலத் துவர்த்தது. "இந்தக் கொட்டைல இனிப்பே இல்லீங்கம்மிணி. ஆறு நாள் பெட்டில போட்டுப் புளிக்க வெச்சு, காயவெச்சுக் குடுப்போம். இனிப்பெல்லாம் அங்க ஃபேக்டரில சேர்க்கறதுதான்" என்றார். இனிப்பு முழுக்க வெளியிலிருந்து சேர்ப்பது என்று அவர் சொன்ன பிறகுதான் அட்டையில் இருக்கும் சதவீதம் எனக்குப் புரிந்தது. 70 சதவீதம் என்றால் கோகோவும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து 70, மிச்சம் 30 ஏறக்குறைய சர்க்கரை. 55 என்றால் சர்க்கரை 45க்குப் பக்கம். பால் சாக்லேட்டில் பாதிக்கு மேல்.

கணக்குப் பிரிவில் இருப்பவள், அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். 20 கிராம், அதாவது இரண்டு துண்டு, 70 சதவீத டார்க்கில் 6 கிராம் சர்க்கரை, சுமார் 120 கலோரி. அதே 20 கிராம் பால் சாக்லேட்டில் 10, 11 கிராம் சர்க்கரை, கலோரி 107. வித்தியாசம் ஒரே ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கலோரியில் டார்க்தான் கூட. எட்டு மாதம் நான் எதைத் தின்பது என்றே தேடிக்கொண்டிருந்தேன், எவ்வளவு என்று யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கலோரியில் 5 சதவீதத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கைப் பார்த்தால், ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. அதற்குள் 6 கிராம் தாராளமாக அடங்கும். 90ஐக் கண்ணீரோடு விழுங்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

இப்போது 65 முதல் 70 சதவீதத்துக்குள், பட்டியலில் கோகோ, கோகோ வெண்ணெய், சர்க்கரை, அதிகம் போனால் எல்லாம் ஒன்றாகக் கலக்கச் சேர்க்கும் லெசித்தின் (322) மட்டும் இருக்கிற சாக்லேட்டாகப் பார்த்து வாங்குகிறேன். 50 கிராம் கட்டி 175 ரூபாய். மாதம் ஐந்து கட்டி, 875 ரூபாய். முன்னால் தினம் 40 ரூபாய்க்குப் பால் சாக்லேட் வாங்கிய காலத்தைவிடக் குறைவுதான். வாங்கி வந்ததுமே உடைத்து, இரண்டிரண்டு துண்டாகப் பட்டர் பேப்பரில் மடித்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிடுவேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மடிப்பு, கூடவே பத்துப் பன்னிரண்டு வறுத்த வேர்க்கடலை. வெறும் வயிற்றிலும் ராத்திரியிலும் தொடுவதில்லை. ஒரு துண்டை மென்று விழுங்காமல் நாக்கில் வைத்தபடி விட்டால் இரண்டு நிமிடம் ஆகிறது கரைய. முதலில் புளிப்பு, அப்புறம் வறுத்த வாசனை, கடைசியில்தான் இனிப்பு. சாக்லேட் இல்லாத நாளில் காரம் சேர்க்காத கோகோ பொடி ஒரு ஸ்பூன், சூடான பாலில், அரை ஸ்பூன் சர்க்கரையோடு.

சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் உருகும், ஃப்ரிட்ஜில் அப்படியே வைத்தால் வேர்க்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள், எடுத்ததும் உடனே திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்துத் திறவுங்கள். மேலே வெள்ளையாகப் படர்ந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணம் இல்லை, கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிவது. தெரியாமல் நான் இரண்டு கட்டியைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் எச்பிஏ1சி 5.9 வந்தது. அது சாக்லேட்டால் குறையவில்லை. தினம் நாற்பது நிமிடம் நடந்ததும், ராத்திரிச் சோற்றைக் குறைத்ததும், ஏறின எடை இறங்கியதும்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை அந்த எவர்சில்வர் டப்பாவையும் மேலுறையையும் பையில் எடுத்துப் போய் அவர் மேஜையில் வைத்தேன். உறையைத் திருப்பிப் படித்துவிட்டு, "இதுல எத்தனை துண்டு சாப்பிடறீங்க?" என்றார். இரண்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றேன். "சரி, அப்படியே இருக்கட்டும். ஆகஸ்ட்ல ஒரு தடவை எடுத்துட்டு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.